பூவின் இரகசியத்தைப் படித்த ஆசிரியர்

நம் பாடநூல்களில் மகரந்தச் சேர்க்கை என்னும் பாடம் ஒரு படத்தோடும் சில அம்புக்குறிகளோடும் முடிந்துவிடுகிறது. மகரந்தத் தூள் சூல்முடியை அடைகிறது, அங்கிருந்து மெல்லிய குழாய் நீண்டு சூலைத் தொடுகிறது, விதை உண்டாகிறது. இதில் தேனீக்கும் வேலை உண்டென்பது இன்று சிறு பிள்ளைகளும் அறிந்தது. அதை விரிவாக நிறுவியவருக்கு அவர் காலம் அளித்த கூலியை எண்ணும்போது எனக்கு வருத்தமே மிஞ்சுகிறது.

கிறிஸ்டியன் கொன்ராட் ஸ்ப்ரெங்கல் 1750-இல் ஜெர்மனியின் பிராண்டன்பர்க்கில் பிறந்தார். 1780 முதல் ஸ்பாண்டாவ் நகரில் பள்ளித் தலைமையாசிரியர். உடல் நலிந்தபோது, எர்ன்ஸ்ட் லுட்விக் ஹைம் என்ற மருத்துவர் அவரை வெளியே சென்று செடிகொடிகளை ஆராயச் சொன்னார். மருந்தே வாழ்க்கையாகிவிட்டது.

1787-இல் காட்டு ஜெரானியப் பூ ஒன்றின் இதழடியில் நுண்ணிய மயிர்களைக் கண்டார். பலரும் பார்த்துக் கடந்திருக்கக்கூடிய மயிர்கள்தாம். அவை பூந்தேனில் மழைநீர் கலக்காமல் காக்கின்றன என்று அவருக்குப் பட்டது. அப்படியானால் தேன் யாருக்காகக் காக்கப்படுகிறது? பூச்சிகளுக்காக. மறு ஆண்டு நீலநிற ஃபர்கெட்-மீ-நாட் பூவின் வாயைச் சுற்றியிருந்த மஞ்சள் வளையம், தேன் இருக்கும் வழியைப் பூச்சிக்குக் காட்டும் அடையாளமாக அவருக்குத் தெரிந்தது. பின்னர் வில்லோஹெர்ப் செடியில், மகரந்தம் உதிர்ந்து தீர்ந்த பிறகே சூல்முடி விரிவதைக் கண்டார். ஒரே பூவில் இரு உறுப்புகளும் இருந்தும், தன் மகரந்தத்தைத் தானே ஏற்காதபடி பூ காலத்தைப் பிரித்து வைத்திருக்கிறது! தேனும் பளிச்சிடும் நிறமும் இல்லாத பூக்கள் ஏன் இலேசான மகரந்தத்தை அவ்வளவு மிகுதியாக உண்டாக்குகின்றன என்பதற்கும் விடை கண்டார்: அவற்றின் தூதர் காற்று.

செடிகளுக்கும் ஆண், பெண் உண்டென்று கமராரியஸ் 1694-லேயே காட்டியிருந்தார். கோல்ராய்ட்டர் பூச்சிகளின் பங்கையும் கண்டிருந்தார். ஆனால் பூவின் நிறம், வடிவம், மணம், தேன் அனைத்தையும் ஒரே நோக்கில் இணைத்து வாசித்தவர் ஸ்ப்ரெங்கல்தான் என்பேன். 1793-இல் வெளிவந்த அவர் நூலில் 461 தாவரங்கள் ஆராயப்பட்டுள்ளன.

நூலை அறிஞர் உலகம் பெரிதாக மதிக்கவில்லை. கதேயும் அவர் விளக்கத்தை ஏற்கவில்லை. இயற்கைக்கு மனிதரைப்போல நோக்கம் கற்பிப்பதாக அவருக்குத் தோன்றியது. பள்ளியிலும் பிணக்கு முற்றியிருந்தது. பூக்களிடம் காட்டிய பொறுமையை ஸ்ப்ரெங்கல் மாணவரிடம் காட்டியதாகத் தெரியவில்லை. அவர் கண்டிப்பைப் பற்றிப் பெற்றோர் முறையிட்டனர், மேலதிகாரிகளோடும் மோதினார். அந்த முறையீடுகளைப் பொறாமை என்று தள்ளிவிட எனக்கு மனமில்லை. 1794-இல் சிறு ஓய்வூதியத்தோடு வேலையை விட்டார்.

பெர்லினில் தனிப்பாடம் சொல்லிக்கொடுத்தும், ஞாயிறுகளில் சிறு கட்டணத்துக்கு ஆர்வலர்களைச் செடிகள் காண அழைத்துச் சென்றும் வாழ்ந்தார். நூலின் இரண்டாம் பாகம் அச்சேறவே இல்லை. எனினும் 1811-இல், தேனீயின் பயன் தேனிலும் மெழுகிலும் இல்லை, வயலின் விளைச்சலில்தான் என்று வாதிட்டு ஒரு சிறுநூல் எழுதினார். நாட்டைக் காக்கப் படை வைத்திருப்பதுபோல அரசு தேனீக்களையும் வைத்திருக்க வேண்டுமென்றார். நம் வேளாண் துறையினர் இன்று பேசுவதை அவர் அன்றே பேசிவிட்டார். இறுதி நாட்களில் தாவரங்களை விட்டு இலத்தீன் கவிஞர்களிடம் சென்றார். 1816 ஏப்ரல் 7 அன்று மறைந்தார்.

கால் நூற்றாண்டுக்குப் பின், 1841-இல், ராபர்ட் பிரவுனின் பரிந்துரையால் சார்லஸ் டார்வின் அந்த நூலைப் படித்தார். பூக்கள் ஏன் பிற பூவின் மகரந்தத்தை நாடுகின்றன என்பதற்கு ஸ்ப்ரெங்கலிடம் விடை இல்லை. அயல் மகரந்தத்தால் பிறக்கும் கன்றுகள் வீரியமாக வளர்வதைப் பல ஆண்டுகள் செடி வளர்த்துப் பார்த்து, 1876-இல் டார்வின் அந்த விடையை எழுதினார்.