வெட்டிய தேக்கை மறுபடி துளிர்க்க வைத்தவர்: யார் இந்த ஹியூகோ வுட்?

ராஜபாளையம் அய்யனார் கோயில், ஸ்ரீவில்லிபுத்தூர் செண்பகத்தோப்பு. இரண்டுக்கும் மேலே நிற்கும் மலைக்காடு 2021 முதல் புலிகள் காப்பகம். காட்டை மீட்பது என்றாலே நமக்கு மரக்கன்று நடுவதுதான் ஞாபகத்துக்கு வரும். இதே மேற்குத் தொடர்ச்சி மலையில், நூறு வருஷத்துக்கு முன்னாடியே ஒருத்தர் வேறு வழி காட்டினார்.

காடு எப்படி மொட்டையானது?

19-ம் நூற்றாண்டில் பிரிட்டிஷாருக்குக் கப்பல் கட்டத் தேக்கு தேவைப்பட்டது; அப்புறம் ரயில் பாதைக்கும். ஆனைமலையில் வெட்டிய மரங்களை உச்சியிலிருந்து சரித்து விட்டார்கள். டாப்சிலிப் என்ற பெயர் அப்படி வந்ததுதான். பல பத்தாண்டுகள் வெட்டியதில் தேக்குக் காடே காலியானது.

வுட் என்ன செய்தார்?

1915 வாக்கில் வன அதிகாரியாக வந்த ஹியூகோ வுட், கண்மூடித்தனமாக வெட்டுவதை நிறுத்தினார். தேக்கைத் தரையை ஒட்டி வெட்டினால், உயிரோடு இருக்கும் வேரிலிருந்து புதுத் தளிர் வரும். கரும்பு விவசாயிகள் சொல்லும் அதே மறுதாம்புதான். பழைய வேரில் உணவு சேமிப்பு இருப்பதால், கன்றைவிட இது வேகமாக வளரும். இதோடு விதைகளும் ஊன்றினார். கைத்தடியால் குழி போட்டு விதை போட்டபடியே அவர் நடப்பார் என்று இன்றும் கதை சொல்வார்கள்.

திருமணம் செய்துகொள்ளாத வுட் 1933-ல் இறந்தார். அவர் விரும்பியபடியே டாப்சிலிப்பில், தேக்கு மரங்களுக்கு நடுவே அடக்கம் செய்தார்கள். அவர் நினைவுச்சின்னத்தைத் தேடுபவர்கள் சுற்றிலும் பார்த்தாலே போதும் என்பதுதான் கல்லறை வாசகத்தின் பொருள்.

அப்படியே இங்கேயும் செய்யலாமா?

முழுசாக முடியாது. வுட் மீட்டது முக்கியமாகத் தேக்கை. அன்றைய அரசுக்கு வேண்டியது மரம். 1988-ல் ஸ்ரீவில்லிபுத்தூரில் சரணாலயம் வந்ததோ சாம்பல் நிற அணிலுக்காக. அது பெரும்பாலும் தரைக்கு வராது. கிளைக்குக் கிளை தாவித்தான் போகும். நடுவில் நாலு மரம் பட்டுப்போனால் அதன் பாதையே அறுந்துவிடும். அதற்குப் பல வகை மரங்கள் கிளை கோத்து நிற்கும் ஆற்றங்கரைக் காடு வேண்டும். தேக்குத் தோட்டம் போதாது.

ஆனால் வுட்டிடம் எடுத்துக்கொள்ள ஒன்று இருக்கிறது. குழி தோண்டும் முன், நிற்கும் கட்டையில் உயிர் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். இருந்தால், மாடு மேயாமலும் தீ பிடிக்காமலும் காத்தாலே பாதி வேலை முடிந்தது. வேரே செத்துவிட்ட இடத்தில் மட்டும், அந்த ஆற்றங்கரைக்கே உரிய மரங்களைக் கலந்து நடலாம்.