‘யானை மனிதனின்’ பெயர் என்ன?

உயர்நிலைப் பள்ளியில் படித்தபோது ‘தி எலிஃபெண்ட் மேன்’ திரைப்படம் பார்த்து அழுதேன். நாயகனின் பெயர் ஜான் மெரிக் என்றே நெடுங்காலம் நம்பினேன். உண்மையில் அவர் ஜோசப். மருத்துவர் ஃபிரெடரிக் டிரீவ்ஸ் 1923இல் வெளியிட்ட நினைவுக்குறிப்பில் ஜான் என்று எழுதினார். படமும் அதையே பின்பற்றியது.

1862இல் இங்கிலாந்தின் லெஸ்டர் நகரில் பிறந்தார் ஜோசப். கருவுற்றிருந்த தாயை யானை மிரளவைத்ததே தம் உடல் இப்படியானதற்குக் காரணம் என்று அவரே நம்பினார். அவருக்கு இருந்தது புரோட்டியஸ் நோய்க்குறி என்ற கருத்து 1986இல் வலுப்பெற்றது. கரு வளரும்போது சில உயிரணுக்களில் மட்டும் தற்செயலாக நேரும் மரபணு மாற்றமே இந்நோய்க்குக் காரணம் என்று 2011இல் கண்டறியப்பட்டது. தாயின் அச்சத்திற்கும் இதற்கும் தொடர்பே இல்லை.

அவரை யாரும் கண்காட்சிக்கு இழுத்துச் செல்லவும் இல்லை. ஏழையர் விடுதியிலிருந்து மீள, 1884இல் அவரே தேடிக்கொண்ட பிழைப்பு அது. பின்னர் லண்டன் மருத்துவமனையில் தங்கி, அட்டையில் அழகிய தேவாலய மாதிரி செய்தார். தலையின் பாரத்தால் உட்கார்ந்தே உறங்கியவர், 1890இல் படுத்த நிலையில் இறந்து கிடந்தார். வயது 27.

எங்கள் வகுப்பிலும் உடற்குறையுள்ள ஒரு மாணவர் இருந்தார். நாங்கள் வைத்த பட்டப்பெயர் இன்றும் நினைவிருக்கிறது. அவருடைய உண்மைப் பெயர்தான் நினைவில் இல்லை.