இரண்டு தீக்குச்சிகளும் ஒரு பெயரும்

இளமையில் சில ஆண்டுகள் அச்சகம் ஒன்றில் பிழை திருத்துபவனாக இருந்தேன். விளம்பரத் தாள் அச்சிட வருவோரில் பலர் வெற்றிடம் கண்டால் பொறுக்கமாட்டார்கள். அந்த இடத்துக்கும் சேர்த்துத்தானே கூலி தருகிறோம் என்று முறையிட்டு, ஒரு பூவையாவது அங்கே திணித்துவிட்டே செல்வார்கள். அந்நாள்களில்தான் பழைய அச்சுக்கலை நூலொன்றில் லூசியன் பெர்ன்ஹார்டின் சுவரொட்டியைக் கண்டேன். அடர்ந்த பழுப்புப் பின்னணி. மஞ்சள் முனை கொண்ட இரண்டு சிவப்புத் தீக்குச்சிகள். மேலே தடித்த நீல எழுத்துகளில் பிரீஸ்டர் என்ற வணிகப் பெயர். வேறொன்றுமில்லை.

பெர்ன்ஹார்ட் 1883-இல் ஜெர்மனியில், ஸ்டுட்கார்ட் அருகே, யூதக் குடும்பமொன்றில் எமில் கான் என்ற பெயருடன் பிறந்தவர். மியூனிக் கண்காட்சியொன்றின் வண்ணங்களில் மயங்கி, தந்தை ஊரில் இல்லாதபோது வீடு முழுவதும் பளீரென்ற சாயம் பூசியதாகவும், திரும்பி வந்தவரின் சினத்துக்கு ஆளாகி வீட்டைவிட்டே வெளியேறியதாகவும் கூறுவர். பெர்லினுக்கு வந்தபின் புதுப்பெயர் சூடிக்கொண்டார்.

1905 வாக்கில் பிரீஸ்டர் தீக்குச்சி நிறுவனம் சுவரொட்டிப் போட்டி ஒன்றை அறிவித்தது. பெர்ன்ஹார்ட் முதலில் வரைந்தது கட்டம்போட்ட விரிப்புடன் ஒரு மேசை, சாம்பல் கிண்ணம், புகையும் சுருட்டு, அந்தப் புகையில் ஆடும் நங்கையர், பக்கத்தில் தீக்குச்சிகள். பார்த்த நண்பர் ஒருவர், நல்ல சுருட்டு விளம்பரம் என்று பாராட்டினாராம். அந்தப் பாராட்டே அவரை விழிக்கச் செய்தது. நங்கையர் போயினர், சுருட்டு போயிற்று, கிண்ணமும் மேசையும் போயின. குச்சிகள் மட்டும் பெரிதாகி நின்றன. நடுவர்கள் அதைக் குப்பைக்கூடையில் போட்டுவிட, தாமதமாக வந்த அச்சக அலுவலர் எர்ன்ஸ்ட் குரோவால்ட் எடுத்துப் பரிசுக்குரியதாக்கினார் என்பது வழிவழியாகச் சொல்லப்படும் கதை. கதைக்குச் சற்று மெருகேறியிருக்கலாம், சுவரொட்டி மெய்.

அதன் வலிமை வெறும் குறைப்பில் இல்லை என்பதைப் பின்னரே உணர்ந்தேன். குச்சிகளும் எழுத்துகளும் ஒரே கனத்தில், நிழலற்ற தட்டை வண்ணத்தில் அமைந்துள்ளன. படத்தைப் பார்த்துப் பிறகு பெயரைப் படிக்க வேண்டியதில்லை; கண் இரண்டையும் ஒன்றாகவே வாங்கிக்கொள்கிறது. பிரீஸ்டர் என்றால் ஜெர்மன் மொழியில் சமயகுரு என்று பொருள். இன்னொரு ஓவியர் ஒரு தேவாலயத்தையாவது ஓரத்தில் வரைந்திருப்பார்!

ஸ்டில்லர் காலணி, மனோலி சிகரெட், போஷ் தீப்பொறிச் செருகி எனப் பல பொருள்கள் இவ்வாறே பெர்லின் சுவர்களில் நின்றன. அவரது தூரிகை எழுத்து அச்செழுத்தாகவும் வார்க்கப்பட்டது.

ஆனால் 1917-இல் அதே கை, போர்க்கடன் திரட்டும் சுவரொட்டிக்காகக் கவசமணிந்த முஷ்டி ஒன்றை வரைந்தது. உடன் பழைய ஜெர்மானியக் கோண எழுத்துகள். அங்கும் ஒற்றை உருவம், அங்கும் எழுத்தோடு இசைந்த இறுக்கம். காலணிக்கும் போருக்கும் ஒரே இலக்கணம் பொருந்தியது என்பது அந்தச் சுவரொட்டியைப் பார்க்கும்போதெல்லாம் என்னை உறுத்துகிறது.

அந்த நாடு 1933-இல் யூதர்கள்மீது திரும்பியபோது அவர் நியூயார்க்கில் குடியேறிப் பத்தாண்டுகள் ஆகியிருந்தன. அங்கே பெர்ன்ஹார்ட் காதிக், பெர்ன்ஹார்ட் மாடர்ன் முதலிய எழுத்துருக்களை உருவாக்கினார். பின்னர் ஓவியத்திலும் சிற்பத்திலும் ஆழ்ந்தார். 1972-இல் அந்நகரிலேயே மறைந்தார். முஷ்டிச் சுவரொட்டி இன்று அருங்காட்சியகங்களில் இருக்கிறது. என் மேசைக்கு மேலே நான் ஒட்டிவைத்திருப்பது தீக்குச்சிகளை.