உழைப்பை வெண்கலத்தில் வடித்த கலைஞர்

மாசிமகத்தன்று மாத்தளை முத்துமாரி அம்பாள் பஞ்சரதத்தில் பவனி வரும்போது, உலோகத் திருமேனியின் எழில்கண்டு நாம் உள்ளம் உருகுகின்றோம். அவ்வாறே உழைக்கும் மனிதனையும் உலோகத்தில் வார்த்து நிறுத்தினார் ஒரு பெருங்கலைஞர். அவரே தேவி பிரசாத் ராய் சௌத்ரி.

1899ஆம் ஆண்டு யூன் 15ஆம் நாள், வங்கத்து இரங்கபூரைச் சேர்ந்த தாஜ்ஹாட்டில் இவர் பிறந்தார். அவனீந்திரநாத தாகூரிடம் ஓவியமும், ஹிரண்மய் ராய் சௌத்ரியிடம் சிற்பமும் பயின்றார். 1929இல் சென்னை அரசினர் கலைப்பள்ளியின் முதல் இந்திய அதிபரானார். கே. சி. எஸ். பணிக்கர், எஸ். தனபால் முதலியோர் இவர்தம் மாணாக்கர். மல்யுத்தம், வேட்டை, புல்லாங்குழல் ஆகியவற்றிலும் இவர் வல்லவர்.

சுவாமிமலைச் சிற்பியர் மெழுகிற் கருக்கட்டி, அதன்மீது மண் பூசி, மெழுகை உருக்கி வெளியேற்றி, அவ்விடத்தில் உலோகத்தை வார்ப்பர். ஆளுயரத்தை மிஞ்சும் உருவங்களுக்கு இம்முறையை அப்படியே கையாளல் அரிது. ஆதலின் இரும்புச் சட்டத்தின்மேல் களிமண்ணை அப்பி உருவாக்கி, பரிஸ்சாந்தில் அச்செடுத்து, பின்னரே வெண்கலத்தில் வார்ப்பர். உள்ளே கூடாக வார்ப்பதால் பாரம் குறையும். உலோகம் ஆறும்போது வெடிப்பும் தவிர்க்கப்படும். சௌத்ரி களிமண்ணை விரல்களால் அழுத்தி அப்பிய முரட்டுத் தன்மையே வெண்கலத்திலும் தசையாகவும் நரம்பாகவும் துடிக்கின்றது.

1942 ஆகத்து 11ஆம் நாள் பாட்னாவில் கொடியேற்றச் சென்று சுடப்பட்டு வீழ்ந்த மாணவர் எழுவருக்கு இவர் அமைத்த நினைவுச் சின்னம் 1956இல் திறக்கப்பெற்றது. 1959இல் சென்னை மெரீனாக் கடற்கரையில் உழைப்பாளர் சிலை எழுந்தது. நால்வர் சேர்ந்து ஒரு பெரும்பாறையைப் பெயர்க்கின்றனர். அவர்களுள் அரசனுமில்லை, தலைவனுமில்லை. 1958இல் பத்மபூஷண் விருது பெற்ற சௌத்ரி, 1975இல் மறைந்தார். தண்டி யாத்திரையைக் காட்டும் 11 உருவங்கள் கொண்ட அவரது பெருஞ்சிலை, அவர் மறைந்த பின்னரே புதுதில்லியில் நிறுவப்பெற்றது.

அந்த நால்வரும் நமக்கு அந்நியரல்லர். மன்னாரிலிருந்து தம்புள்ளை வழியே காடுகளைக் கடந்து மாத்தளைக்கு நடந்துவந்த நம் முன்னோரும் பாறை பெயர்த்தனர், பாதை அமைத்தனர், கோப்பியும் தேயிலையும் நட்டனர். வழியிலேயே மாண்டோர் பலர். அவர்கள் பெயரைத் தாங்கும் கல் எங்கே?

வெண்கலம் வார்க்க நம்மிடம் வசதியில்லாதிருக்கலாம். ஆயினும், ஒவ்வொரு வீட்டிலும் முதியோரிடம் கேட்டு அப்பெயர்களை எழுதிவைத்தல் நம்மால் இயலும். பெரியோர் சொல்வார்களாக, இளைஞர் எழுதுவோமாக.