வைத்தியர் தாமஸ் வில்லிஸ்

அறுபத்துமூவர் வரலாற்றைப் பாடிய சேக்கிழார் பெருமான் தோன்றிய ஊர் குன்றத்தூர். ஆன்றோர் சரித்திரம் கேட்டு மகிழ்தல் அவ்வூரார்க்குப் பழைய வழக்கம். அவ்வூரில் வாழும் யானும் ஈண்டு ஒரு சரித்திரம் கூறப் புகுகின்றேன். அதற்குக் காரணம் ஒன்றுண்டு. ஒரகடத்து ஆலையொன்றில் வேலை முடித்து நள்ளிரவில் மீண்ட எம் அண்டை வீட்டார் ஒருவர், சென்ற ஆண்டில் வாய் கோணி, வலக்கை சோர்ந்து, நாக்குழறி வீழ்ந்தார். உறங்கி எழுந்தால் தெளியுமென்று வீட்டார் விடியுமளவும் வாளாவிருந்தனர். பின்னரே மருத்துவமனை சேர்த்தனர். கழுத்தின் இடப்புறத்து நாடி அடைபட்டிருக்கக் கண்ட மருத்துவர், ஸ்டென்ட் என்னும் கம்பிவலைக் குழலை அதனுட் செலுத்தி வழி திறந்தனர். உயிர் பிழைத்தது, வலக்கையோ இன்னும் பேனா பிடிக்கவில்லை. இத்தகைய சிகிச்சைக்கு அடிப்படையான அறிவை உலகிற்கு அளித்தோருள் தலைசிறந்தவர் தாமஸ் வில்லிஸ்.

இவர் 1621-ஆம் ஆண்டு ஜனவரி 27-ஆம் நாள் இங்கிலாந்தில் வில்ட்ஷயரைச் சேர்ந்த கிரேட் பெட்வின் என்னும் சிற்றூரிற் பிறந்தார். ஆக்ஸ்போர்டில் கிறைஸ்ட் சர்ச் கல்லூரியிற் பயின்றபோது, குருவானவர் ஒருவர் இல்லத்தில் ஊழியம் செய்தே கற்றார். அவ்வில்லத் தலைவி மருந்து செய்வதில் வல்லவர். அவர்க்கு உதவியாயிருந்தமையே இவர்க்கு வைத்தியத்திற் பற்றுண்டாகக் காரணமாயிற்றென்பர். உள்நாட்டுப் போரில் அரசன் பக்கத்திற் படைக்கலம் தாங்கினார். 1646-இல் மருத்துவப் பட்டம் பெற்றார். தொடக்கத்தில் வறுமை மிக்கவராய், சந்தை கூடும் ஊர்களுக்குச் சென்று நோயாளரைப் பார்த்து வந்தார். 1650-இல் தூக்கிலிடப்பட்ட ஆன் கிரீன் என்னும் பணிப்பெண்ணின் உடல் அறுத்தாராய்வதற்குக் கொண்டுவரப்பட்டது. அவளிடத்தில் மூச்சொலி கேட்கவே, வில்லிஸும் நண்பர் வில்லியம் பெட்டியும் கத்தியை ஒதுக்கி அவளைப் பிழைப்பித்தனர்.

1660-இல் ஆக்ஸ்போர்டிற் பேராசிரியரானார். 1664-இல் மூளையின் அமைப்பைப் பற்றிய அவருடைய இலத்தீன் நூல் வெளிவந்தது. சென்னை அரசு பொது மருத்துவமனைக்குப் புனித ஜார்ஜ் கோட்டையில் வித்திடப்பட்டதும் அவ்வாண்டேயாம். ரிச்சர்டு லோயர் உடனிருந்து அறுத்தாராய, கட்டடக் கலைஞர் கிறிஸ்டபர் ரென் படம் வரைந்தார். கழுத்து வழி ஏறும் நாடிகளும் முதுகெலும்பு வழி ஏறும் நாடிகளும் மூளையடியில் வளையமாகக் கூடுதலை முன்னோர் சிலரும் கண்டிருந்தனர். அதன் பயனைத் தெளிவுற உரைத்தவர் வில்லிஸே. ஒரு பக்கத்துக் கழுத்து நாடியிற் செலுத்திய மைந்நீர் மறுபக்கத்திலும் பரவிற்று. வயிற்றுக் கட்டியால் இறந்த ஒருவரை அறுத்து நோக்கியபோது, வலக் கழுத்து நாடி அடைபட்டிருந்தது. ஆயினும் அவர் வாழ்நாளிற் பக்கவாதம் கண்டிலர். அப்பக்கத்து முதுகெலும்பு நாடி மற்றதினும் மும்மடங்கு பருத்திருந்தது. செம்பரம்பாக்கம் ஏரியில் ஒரு மதகு தூர்ந்தாலும் வேறு மதகு வழியே வயலுக்கு நீர் பாய்தல் போலும் இது. மெல்ல அடைபடின் வளையம் ஈடு செய்தல் கூடும்; திடீரென அடைபட்டு, வளையமும் குறையுடையதாயின், மூளை பட்டுப்போம்.

நிற்க. கழுத்து வளைந்து அழுந்துமாதலின், நசுங்கினும் தானே விரியும் ஸ்டென்டுகளே இக்காலத்தில் அங்கு இடப்படுகின்றன. கண்ணி அகன்றவை நாடியின் வளைவிற்கு நன்கு இணங்கும். கண்ணி நெருங்கியவை சிதறும் துகளைத் தடுக்கும். ஈரடுக்கு வலை அதனினும் நன்கு தடுக்கும். ஆயினும் உலோகத்தின்மேல் இரத்தம் உறையாதிருக்க மருந்து வேண்டும். அவகாசமுள்ளபோது அதனை முன்னதாகவே அளிப்பர். அவசரத்தில் அது கூடாது. அப்பொழுதே மிகுதியாக அளிப்பின் மூளையில் இரத்தம் கசியும் அபாயமுண்டு. ஈரடுக்கு வலை அவசர சிகிச்சையில் மிகுதியும் மீண்டும் அடைபட்டதெனச் சில ஆய்வுகள் கூறுகின்றன. வேறு சில அவ்வேறுபாட்டைக் கண்டில. ஆகவே நாடியின் வளைவு, அடைப்பின் தன்மை, வளையத்தின் நிறைவு ஆகியவற்றை நோக்கியே மருத்துவர் துணிகின்றனர்.

வில்லிஸ் 1667-இல் இலண்டனிற் குடியேறிப் பெரும்பொருள் ஈட்டினார். ஞாயிற்றுக்கிழமைகளிற் பெற்ற ஊதியத்தை ஏழைகட்கே ஈந்தாரென்பர். 1675 நவம்பர் 11-ஆம் நாள், தம் 54-ஆம் வயதிற் காலமாகி, வெஸ்ட்மின்ஸ்டர் ஆலயத்தில் அடக்கம் பெற்றார்.

நண்பர்காள்! உறைந்த இரத்தத்தைக் கரைக்கும் மருந்து, நோய் தொடங்கி நாலரை மணி நேரத்திற்குள் அளித்தற்குரியது. வாய் கோணி, கை சோர்ந்து, நாக்குழறக் காண்போமாயின், விடியட்டுமென்று காத்திராது, அப்பொழுதே 108 ஊர்தியை அழைப்போமாக. எம் அண்டை வீட்டார்க்கு அன்று யாம் செய்யத் தவறியது அதுவே.