துப்பாக்கிப் பிரியராகிய பதின்மூன்றாம் லூயி மன்னர்

பிரான்ஸ் தேசத்து அரசர்களுள் பதினான்காம் லூயியின் பெயரைக் கேளாதார் சிலரே. அவருடைய தந்தையாராகிய பதின்மூன்றாம் லூயியை நினைப்பவர்களோ மிகச் சிலர். நினைப்பவர்களும், கர்தினால் ரிஷ்லியு என்னும் பெருமந்திரியின் நிழலில் ஒதுங்கியிருந்த அரசர் என்று சொல்லி அப்பாற் சென்றுவிடுவர். அவ்வரசர் தமது கையாலேயே துப்பாக்கிகளைப் பிரித்துக் கோக்கும் வித்தை கற்றவர் என்பதும், பழையனவும் புதியனவுமாகிய சுடுகருவிகளைத் தேடித் தேடிச் சேர்த்தவர் என்பதும் நம் அன்பர்கள் அறிந்து மகிழத்தக்க செய்திகளாம்.

லூயி 1601ஆம் வருஷம் செப்டம்பர் மாதம் 27ஆந் தேதி போன்தேன்புளோ அரண்மனையிற் பிறந்தார். தந்தையார் நான்காம் ஹென்றி. தாயார் மரீ தெ மெடிசி. எரோவார் என்னும் அரண்மனை வைத்தியர், குழந்தை பிறந்த நாள்முதல் 1628இல் தாம் மரணமடையும் வரையில், அவர் உண்டது, உறங்கியது, விளையாடியது ஆகிய யாவற்றையும் நாட்குறிப்பாக எழுதி வைத்தார். உலகத்தில் வேறெந்தச் சிறுவனுடைய இளமையும் இவ்வளவு நுட்பமாக எழுதப்பட்டிருக்குமோ என்பது ஐயமே. அதனால்தான் இவருடைய விளையாட்டுக்களை நாம் இன்றும் அறிய இயல்கின்றது.

1610ஆம் வருஷம் மே மாதம் 14ஆந் தேதி, பாரிஸ் நகர வீதியில் வண்டியிற் சென்றுகொண்டிருந்த ஹென்றி மன்னரை ராவையாக் என்பவன் கத்தியாற் குத்திக் கொன்றான். எட்டு வயதுப் பாலகர் அரசரானார். பெயர்தான் அரசர், அதிகாரம் தாயாரிடத்தும், அவருடைய நம்பிக்கைக்குரிய கொன்சினி என்னும் இத்தாலியரிடத்தும் இருந்தது. முடி சூடிய பின்னரும் இவர் பிரம்படி பட்டதுண்டு. நாவோ திக்குவாய். சபையிற் பேச நாணிய அப்பிள்ளைக்குப் பேச்சு வேண்டாத தொழில்களே ஆறுதலாயின. தச்சுவேலை, சமையல், பருந்து வேட்டை முதலிய பலவற்றிலும் கை வைத்தார். அவற்றுளெல்லாம் துப்பாக்கியே அவர் மனத்தை முற்றுங் கவர்ந்தது. சிறு வயதிலேயே கருவிகளைச் சேர்க்கத் தொடங்கினார். குறி தவறாது சுடுவதிலும் பேர் பெற்றார். பொறியைக் கழற்றித் துடைத்து, எண்ணெயிட்டு, மீண்டும் பூட்டுவது அவருக்குப் பெருங் களிப்பு. அரசனுக்கு இது தகுமா என்று முகஞ் சுளித்த அரண்மனையாரும் இருந்திருப்பர். கைத்தொழிலை இழிவென்று கருதுவார் எத்தேசத்திலும் உளர் அன்றோ?

அக்காலத்துத் துப்பாக்கிகளின் நிலையை இங்கே சிறிது விளக்குதல் வேண்டும். பழைய திரித்துப்பாக்கியில், கனன்றுகொண்டிருக்கும் திரியை மருந்தின்மேல் தாழ்த்திச் சுடவேண்டும். மழை பெய்தால் திரி அவியும். இருளில் அதன் கங்கு பகைவனுக்கு நம்மைக் காட்டிக்கொடுக்கும். அதன் பின்னர் வந்தது சக்கரப்பொறி. சாவியால் முறுக்கிய எஃகுச் சக்கரம் சுழன்று ஒருவகைக் கனிமக் கல்லில் உராய்ந்து பொறி பறக்கச் செய்யும். அது மழைக்கும் இருளுக்கும் ஏற்றது. ஆயினும் கடிகாரம்போல் நுட்பமானதாகையால், விலையோ பிரபுக்களுக்கே எட்டும். பழுதுபட்டால் செப்பனிடுவோர் அரியர்.

நார்மண்டி நாட்டிலுள்ள லிசியே என்னும் ஊரில் லெ பூர்ழுவா குடும்பத்தார் துப்பாக்கி செய்து வந்தனர். அவர்களுள் மாரேன் என்பவர் துப்பாக்கித் தொழிலோடு ஓவியமும் வல்லவர். நான்காம் ஹென்றியின் ஆதரவு பெற்று, லூவ்ர் அரண்மனையிற் கலைஞர்களுக்கென ஒதுக்கிய இடத்தில் உறைவிடம் பெற்றவர். சக்கிமுக்கிப் பொறியைத் திருத்தமான உருவத்திற்குக் கொணர்ந்தவர் இவரே என்று அறிஞர் பலர் கருதுகின்றனர். கல்லைக் கவ்விய குதிரை பாய்ந்து எஃகுத் தகட்டில் மோதும். அத்தகடே மருந்துக் கிண்ணத்தின் மூடியுமாதலால், மோதிய கணத்தில் மூடி திறக்கும், தீப்பொறியும் உள்ளே வீழும். இரண்டு வேலைக்கு ஒரே உறுப்பு. மேலும், குதிரையைப் பாதியளவில் நிறுத்தி வைத்தால், விசையைத் தொட்டாலும் வெடியாது, அச்சமின்றிக் கெட்டிக்கலாம். பார்வைக்கு எளிய இவ்வமைப்பே பின்னர் ஐரோப்பியப் படைகளிற் பரவிப் பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுப்பகுதி வரையில் ஆட்சி செய்தது. அதன் முதற் படைப்புக்களுட் சில இளம் லூயியின் கைக்கு வந்து சேர்ந்தன.

இவ்வாறு துப்பாக்கியோடு பழகிய பிள்ளை எந்நாளும் பிள்ளையாகவே இருப்பார் என்று கொன்சினி எண்ணினார் போலும். 1617ஆம் வருஷம் ஏப்ரல் மாதம் 24ஆந் தேதி, லூவ்ர் அரண்மனை வாயிலில், அரசராணையை மேற்கொண்டு வந்த காவற்படைத் தலைவர் வித்ரியும் அவருடைய துணைவர்களும் கொன்சினியைக் கைத்துப்பாக்கிகளாற் சுட்டு வீழ்த்தினர். அரசருக்கு வயது பதினைந்து. விசாரணையும் இல்லை, தீர்ப்பும் இல்லை. அவர் பட்ட துன்பங்களை நினைத்து இரங்குவோரும் இச்செயலை நியாயமென்று சொல்லுதல் அரிது. அன்று முதல் அவர் மெய்யாகவே அரசரானார் என்பதும் மறுக்க இயலாதது.

பின் நிகழ்ந்தவை சரித்திர நூல்களிற் பரக்கக் காணலாம். தாயாரோடு போர் மூண்டது. 1624இல் ரிஷ்லியு மந்திரிசபையில் இடம் பெற்றார். லா ரொஷேல் நகர முற்றுகைக்கு அரசர் தாமே நேரிற் சென்றார். அந்நகரம் 1628இல் பட்டினியாற் பணிந்தது. மணஞ்செய்து இருபத்திரண்டு ஆண்டு கழித்து, 1638இல் மகப்பேறு வாய்த்தது. நெடுநாள் நோயாளியாகிய மன்னர், தந்தையார் இறந்த அதே மே மாதம் 14ஆந் தேதி, 1643ஆம் வருஷம், நாற்பத்தொன்றாம் வயதில் மறைந்தார்.

அவர் வைத்துச் சென்ற ஆயுதசாலை மகனுக்கு உரிமையாயிற்று. 1673இல் அரண்மனைப் பொருள்களுக்கு அட்டவணை எழுதியபோது ஒவ்வொரு துப்பாக்கிக்கும் எண் கொடுத்தனர். கட்டையில் அவ்வெண்ணைப் பொறித்தும் வைத்தனர். பிரெஞ்சுப் புரட்சியின்போதும் அதன் பின்னரும் அத்தொகுதி சிதறிப் பல தேசங்களுக்குப் போயிற்று. பொறித்த எண்ணே பிற்காலத்து ஆராய்ச்சியாளர்க்கு அடையாளமாயிற்று. பாரிஸ் நகரத்துப் படைக்கலப் பொருட்காட்சிசாலையில் ஒன்று, ரஷ்யாவின் ஹெர்மிடேஜ் மாளிகையில் ஒன்று என லெ பூர்ழுவா குடும்பத்தார் செய்தவை இன்றும் உள்ளன. 134 என்னும் எண் தாங்கியது, வெள்ளியும் முத்துச்சிப்பியும் இழைத்த மரக்கட்டையோடு, 1972இல் நியூயார்க் நகரத்து மெட்ரோபாலிடன் பொருட்காட்சிசாலைக்கு வந்து சேர்ந்தது. அங்கே இன்றும் அதனைக் காணலாம்.