எழுத்துகள் திரும்பி நின்ற பிள்ளைகளின் வைத்தியர்

மூளைநோய் வைத்தியர் ஒருவருடைய பெயர், அன்னார் மறைந்து முக்கால் நூற்றாண்டு கடந்த பின்னரும் ஆசிரியர்களின் நாவில் வழங்கி வருதல் அபூர்வமான செய்தி. டாக்டர் சாமுவேல் டொரி ஓர்ட்டன் அத்தகையவர். வாசிக்க இயலாத பிள்ளையை மந்த புத்தியுடையது என்று தீர்த்துவிட்டு, வகுப்பின் கடைசி வாங்கில் இருத்தி வைப்பது பல நாட்டுப் பள்ளிகளிலும் நெடுங்காலம் நிலவிய வழக்கம். அத்தீர்ப்பின் மீது மேன்முறையீடு செய்தவர் என்று ஓர்ட்டனைக் கூறலாம். ஆசிரியத் தொழிலிற் பல்லாண்டுகளைக் கழித்தவன் என்ற முறையில், அவரை நான் ஒரு விஞ்ஞானியாகக் கருதுவதிலும் பார்க்க ஆசிரியரின் துணைவராகவே கருதி வருகின்றேன்.

அமெரிக்காவின் ஒகையோ மாநிலத்துக் கொலம்பஸ் நகரில் 1879ஆம் ஆண்டு அவர் பிறந்தார். தந்தையார் எட்வேர்ட் ஓர்ட்டன் நிலவியல் அறிஞர். ஒகையோ மாநிலப் பல்கலைக்கழகத்தின் முதல் தலைவர். மைந்தர் அங்கேயே பட்டம் பெற்று, 1905இல் பென்சில்வேனியாப் பல்கலைக்கழகத்தில் வைத்தியப் படிப்பை முடித்தார். அடுத்த பல ஆண்டுகள் இறந்தோரின் மூளையை நுணுக்குக்காட்டியில் ஆராய்வதிற் கழிந்தன. இப்பகுதியை விரித்துரைக்க வேண்டியதில்லை. எனினும், சிதைந்த மூளை எவ்வாறிருக்கும் என்பதைத் தம் கண்ணாற் கண்டிருந்த ஒருவரே பின்னாளில் வாசிக்கவியலாத பிள்ளைகளின் மூளை சிதைந்ததன்று எனத் துணிந்தார் என்பதை வாசகர் மனத்திற் கொள்ள வேண்டும்.

1919இல் அயோவா மாநிலத்தின் உளநோய் மருத்துவமனைக்கு அவர் முதற் பணிப்பாளரானார். நோயாளரைத் தம்மிடம் வரச்செய்வதோடு அமையாது, கிராமப்புறங்களுக்கு வைத்தியக் குழுவைக் கொண்டுசெல்லும் முயற்சியிலும் ஈடுபட்டார். 1925இல் கிறீன் என்னும் மாவட்டத்தில் இரு வாரங்கள் அத்தகைய நடமாடும் சிகிச்சை நிலையம் ஒன்று நடைபெற்றது. படிப்பிற் பின்தங்கிய பிள்ளைகளை அனுப்பிவைக்குமாறு ஆசிரியர்களுக்கு அறிவிக்கப்பட்டது. வந்தவருள் 14 பேர் வாசிப்பில் மட்டுமே பெரிதும் இடர்ப்பட்டனர். அவர்களுடைய பொது அறிவாற்றலோ சராசரியை ஒட்டியதாகவோ அதற்கு மேற்பட்டதாகவோ இருந்தது.

அப்பிள்ளைகளுள் ஒருவன் வைத்திய வரலாற்றில் எம்.பி. என்னும் இரண்டெழுத்துகளால் அறியப்படுகின்றான். வயது 16. பள்ளியிற் பல ஆண்டுகள் இருந்தும் அவனுக்கு வாசிப்பு வரவில்லை. அந்நாளில் வழங்கிய நுண்ணறிவுச் சோதனை அவனுக்கு 71 புள்ளிகளையே வழங்கியது. வேறொரு வைத்தியராயின் அவ்வெண்ணைப் பதிந்துகொண்டு கோப்பை மூடியிருப்பார். ஓர்ட்டனோ மோட்டார் இயந்திரத்தின் அமைப்பைப் பற்றி அவனிடம் வினவினார். தயக்கமின்றி விடை வந்தது. அளவுகோல் பிழையானதே தவிரப் பையன் பிழையானவன் அல்லன் என்று அவர் முடிவு செய்தார். அவர் வாழ்வின் பிற்பகுதி முழுவதும் இவ்வொரு முடிவிலிருந்தே கிளைத்தது என்பது என் எண்ணம்.

இக்குறைபாட்டை முதலிற் கண்டவர் அவரல்லர். 1896இலேயே இங்கிலாந்தில் பிரிங்கிள் மோர்கன் என்ற வைத்தியர், கூர்த்த மதியுடைய ஒரு சிறுவன் வாசிக்கவியலாது தவித்ததை எழுதியிருந்தார். கிளாஸ்கோவின் கண் வைத்தியர் ஹின்ஷெல்வூட் ஒரு நூலே இயற்றினார். அவர்கள் இதனைப் பிறவியிலேயே மூளையின் ஓரிடத்தில் அமைந்த குறையாகவும், அரிதாகக் காணப்படுவதாகவும் எண்ணினர். ஓர்ட்டன் இவ்விரண்டையும் மறுத்தார். ஆங்கிலத்தின் சிறிய ‘பீ’யும் ‘டீ’யும் இப்பிள்ளைகளுக்கு இடம் மாறித் தோன்றுவதையும், ‘வோஸ்’ என்னும் சொல்லை வலமிருந்து இடமாக ‘சோ’ என அவர்கள் வாசிப்பதையும் அவர் கண்டார். மூளையின் இரு பாதிகளுள் ஒன்று மேலாதிக்கம் பெறாமையால், எழுத்துகளின் கண்ணாடி விம்பங்கள் குறுக்கிடுகின்றன என்று விளக்கமும் தந்தார். திரும்பிய குறியீடுகள் என்று பொருள்படும் ஸ்ட்ரெபோசிம்போலியா என்ற கிரேக்கப் பெயரையும் சூட்டினார். பெயர் நிலைக்கவில்லை, டிஸ்லெக்சியா என்ற பழைய பெயரே வென்றது.

1929இல் அவர் கல்வி உளவியல் இதழொன்றில் எழுதிய கட்டுரை துணிவானது. சொல்லை முழு வடிவமாகப் பார்த்தே பழகச்செய்யும் முறை அப்போது அமெரிக்கப் பள்ளிகளிற் செல்வாக்குற்றிருந்தது. அம்முறையே சில பிள்ளைகளின் இடருக்குக் காரணமாகலாம் என்று வைத்தியர் ஒருவர் ஆசிரியருலகின் வாயிலில் நின்று கூறினார். ஆயினும் குறை கூறுவதோடு அவர் நின்றிருந்தால் நான் இதை எழுதியிருக்க மாட்டேன்.

நியூயோர்க் நகருக்குக் குடிபெயர்ந்த பின் அவருக்கு வாய்த்தவர் அன்னா கிலிங்ஹாம் அம்மையார். எத்திக்கல் கல்ச்சர் பள்ளியில் நெடுங்காலம் பணியாற்றிய அவ்வம்மையார் ஓர்ட்டனைவிட ஒரு வயது மூத்தவர். அவரும் சக ஆசிரியை பெசி ஸ்டில்மனும் வைத்தியரின் கருத்தைப் பாடமாக்கினர். பிள்ளை எழுத்தைக் கண்ணாற் காணும், அதன் ஒலியை வாயாற் கூறிக் காதாற் கேட்கும், விரலால் வரையும். மூன்று வழிகளும் ஒன்றோடொன்று பிணையும் வரை அடுத்த எழுத்துக்குச் செல்வதில்லை. மெய்யெழுத்துகள் வெள்ளை அட்டையிலும் உயிரெழுத்துகள் வெளிறிய செம்மஞ்சள் அட்டையிலும் இருந்தன. விரலால் மணலில் எழுதி, வாய்விட்டுச் சொல்லிப் பயின்ற நம் திண்ணைப் பள்ளி மாணாக்கரை இது நமக்கு நினைவூட்டும்.

கண்டிப்பான விதியொன்றும் இருந்தது. பயிற்சிக் காலத்தில் பிள்ளை வேறெதனையும் தானாக வாசிக்கலாகாது. ஊகித்து வாசிக்கும் பழக்கம் மீண்டும் தலைதூக்கும் என்பதே காரணம். ஏனைய பாடங்களைப் பிறர் அவனுக்கு வாசித்துக் காட்ட வேண்டும். இதற்குப் பள்ளி முழுவதும் இசைய வேண்டுமல்லவா? ஆகவே ஆசிரியரைப் பயிற்றுவதே அம்மையாரின் பெரும் பணியாயிற்று. ஆங்கிலச் சொல் எவ்வாறு அசைகளாகப் பிரிகின்றது, எந்த ஒலிக்கு எத்தனை எழுத்துக்கூட்டல்கள் உள்ளன என்பன ஆசிரியருக்கே தெளிவாயிருத்தல் வேண்டும் என்று அவர் வற்புறுத்தினார். 1935 முதல் இரண்டாண்டுகள் இருவரும் ஹவாய்த் தீவின் புனஹோ பள்ளிக்குச் சென்று அங்குள்ள ஆசிரியர்களைப் பயிற்றினர். அவர்களுடைய கைநூல் 1936இல் வெளிவந்தது. ஓர்ட்டனின் நூல் அதற்கடுத்த ஆண்டில் வெளிவந்தது.

ஓர்ட்டனின் மூளைக் கோட்பாடு காலத்தின் சோதனையில் நிற்கவில்லை. எழுத்துகள் கண்ணுக்குத் திரும்பித் தோன்றுவதன்று, பேச்சின் ஒலிகளைத் தனித்தனியே பிரித்துணர்வதே பெரும்பாலான பிள்ளைகளுக்கு இடராகின்றது என்பதை 1970கள் தொடங்கி வந்த ஆராய்ச்சிகள் காட்டின. ஆனால் ஒலியையும் எழுத்தையும் படிப்படியாகப் பிணைக்கும் பாடமுறை அந்த இடருக்கே மருந்தாக அமைந்திருந்தது! பிழையான வரைபடத்தைக் கொண்டு சரியான ஊரை அடைந்தார் போலும். பாடமுறையையும் கண்மூடிப் புகழ்வதற்கில்லை. 2021இல் வெளியான தொகுப்பாய்வு ஒன்றில் அதன் பயன் நன்மைப் பக்கமே சாய்ந்திருப்பினும், புள்ளிவிபர நோக்கில் உறுதிப்படவில்லை. எனினும் ஒலியைத் தெளிவாகவும் ஒழுங்காகவும் கற்பித்தல் வேண்டும் என்ற அடிப்படையை இன்றைய ஆராய்ச்சியாளரிற் பெரும்பாலோர் ஏற்கின்றனர்.

1948 நவம்பரில், தமது 69ஆம் வயதில் ஓர்ட்டன் காலமானார். அடுத்த ஆண்டே மனைவியார் ஜூன் ஓர்ட்டனும் அன்பர்களும் அவர் பெயரால் ஒரு சங்கம் நிறுவினர். சர்வதேச டிஸ்லெக்சியா சங்கம் என்று இன்று வழங்குவது அதுவே. தோழி ஸ்டில்மனையும் வைத்தியரையும் இழந்த பின்னரும், கிலிங்ஹாம் அம்மையார் கைநூலைத் திருத்தித் திருத்திப் பதிப்பித்து வந்தார். ஆசிரியர்களைப் பயிற்றும் பணியையும் விட்டாரில்லை. 1963இல் அவர் மறைந்தபோது, அவரிடம் பயின்ற ஆசிரியர்கள் தாமும் பிறரைப் பயிற்றத் தொடங்கியிருந்தனர்.